இடுப்பில் எது, பெட்டியில் எது: கடலுக்குப் போகிறவருக்கான கத்தியும் மல்டிடூலும்

திருகோணமலையில் கத்தி வாங்க யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவர்களும், திருக்கடலூர், குச்சவெளி, மூதூர்ப் பக்கம் பைபர் படகு வைத்துத் தொழில் செய்பவர்களும் ஒரு வகை. கப்பல் வேலைக்கோ படைக்கோ சேர்ந்து மாதக்கணக்கில் ஊரைவிட்டுப் போகும் பிள்ளையின் வீட்டார் மற்ற வகை. இரு பகுதியாரும் கேட்பது ஒன்றைத்தான்: குறடும் கத்தியும் திருப்புளியும் ஒன்றாக மடிகிற, லெதர்மன் மாதிரி ஒரு மல்டிடூல் வாங்குவதா, அந்தக் காசுக்கு நல்ல கத்தியாகவே வாங்குவதா? கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற அண்ணன் காசு தரத் தயாராக இருப்பார். எதை அனுப்பச் சொல்வது என்று தெரியாமல் வீடு இழுபட்டுக்கொண்டிருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பில் இருக்க வேண்டியது விலை குறைந்த, கறள் பிடிக்காத ஓர் உறைக்கத்தி, அதாவது மடங்காமல் உறையில் செருகி வைக்கிற கத்தி. மல்டிடூலும் வாங்கலாம், ஆனால் அது பெட்டிக்கு. முழுக் காசையும் ஒரே கருவியில் போட்டுவிட்டு இரண்டு வேலைக்கும் அதையே நம்பிப் போவது ஆபத்து. இதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

ஒரு கை. கடலில் கத்தி வேண்டியிருப்பதற்கு முதற் காரணம் கயிறு. வலை இறங்கிக்கொண்டிருக்கும்போது கயிற்றின் சுருக்கு ஒன்று காலில் விழுந்தால், வலையின் பாரம் ஆளையும் சேர்த்து இழுக்கும். ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்திருக்கும். மிஞ்சுவது மற்றக் கை மட்டும். அந்த ஒரு கையாலேயே உருவி, அந்தக் கையாலேயே வெட்ட வேண்டும். நகத்தால் நிமிண்டித் திறக்கிற கத்தி அந்த நேரத்தில் உதவாது. எத்தனை டொலர் கொடுத்து வாங்கினாலும் உதவாது. மற்ற எல்லா அளவுகோலும் இதற்குப் பிறகுதான்.

கறள். கறள் பிடிக்காத உருக்கு என்றால் அதில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கி இரும்பை மூடிக்கொள்ளும். கடல் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைத் துளைக்கும். திறந்த அலகில் துளை விழுந்தால் காற்றுப் பட்டுப் படலம் மறுபடி உருவாகிவிடலாம். மடிப்பு மூட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. உப்புத் தண்ணீர் மட்டும் தங்கி நிற்கும். அதனால் அலகு பளபளவென்று இருக்க, மூட்டு உள்ளே அரிக்கப்படும். ஒரு கிழமை கடலில் இருந்த மடக்குக் கத்தியை நல்ல தண்ணீர்க் கோப்பைக்குள் பிடித்து நாலைந்து தடவை மடக்கி விரித்துப் பாருங்கள். ஆணியைச் சுற்றி முதலில் வெள்ளையாக உப்புக் கரையும், பிறகு தேத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு கசியும். அதுதான் கறள். ஆகவே ஒரு கருவியில் எத்தனை மூட்டு இருக்கிறதோ அத்தனை கவனிப்பு அதற்கு வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று: “காந்தம் ஒட்டினால் அது நல்ல சில்வர் இல்லை” என்று கடைவீதியில் சொல்வார்கள். சமையலறைக் கரண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். கத்தி அலகுக்குப் பொருந்தாது. கூர் நிற்பதற்காகக் கடினப்படுத்தப்பட்ட கறள் பிடிக்காத உருக்கு கிட்டத்தட்ட எல்லாமே காந்தத்தில் ஒட்டும். அதை நம்பி நல்ல கத்தியை ஒதுக்கிவிடாதீர்கள்.

கயிற்றை வெட்டும் விதம். நம் படகுகளில் இருப்பது பெரும்பாலும் நைலோனும் பொலித்தீன் கயிறும். ஈரமான நைலோன் கயிறு இழுபட்டுக் கொடுக்கும். மழுங்கிய கூர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பல் வைத்த கூர் இதில் நன்றாகப் பிடிக்கும். தங்கூசி என்ற மெல்லிய நைலோன் இழைக்கும் மீனுக்கும் பல் இல்லாத கூர்தான் நல்லது.

முனை. ஆடுகிற படகில் கூர்முனை எதிரி. கையில் கத்தியோடு சறுக்கி விழுகிறவர் தன்னையோ பக்கத்து ஆளையோ குத்திக்கொள்வார். முனை மழுங்கி, வாய் நேராக இருக்கும் அலகு கடலுக்கு ஏற்றது. பிரித்தானியக் கடற்படை மாலுமிகளுக்குக் கொடுத்த மடக்குக் கத்தியில் அப்படியான அலகும், கயிற்று முடிச்சு நெகிழ்த்துகிற ஊசிக்கோலும் இருந்தன. 1957 வரை அந்தக் கடற்படை நம் துறைமுகத்தில்தான் இருந்தது.

தீட்டுவதும் தொலைவதும். நடுக்கடலில் இரண்டு பக்கச் சாணைக்கல் ஒன்றுதான் கையில் இருக்கும். அதில் தீட்ட முடியாத கத்தி ஒரு மாதத்தில் வெறும் தகடு. அப்புறம், கடலில் விழுந்தது போனதுதான். தொலைந்தால் மனம் நோகாமல் இன்னொன்று வாங்க முடியுமா என்பதையும் கணக்கில் எடுங்கள்.

## கொல்லன் பட்டறைக் கத்தி

லொறியின் பழைய வில்லுத்தகட்டை அடித்துச் செய்வது. விலை மிகக் குறைவு. அது கரிமம் கூடிய உருக்கு என்பதால் சாதாரணக் கல்லிலேயே சவரக்கத்திக் கூர் வரும். பெரிய சூரையின் தலையை ஒரே வெட்டில் எடுக்க இதை விஞ்சியது இல்லை. பிடி தேய்ந்தால் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி, அதன்மேல் வலை நூலால் வரிந்து கட்டிவிடுவார்கள். மீன் வழுவழுப்பில் அந்தப் பிடி கையைவிட்டு நழுவாது. கடையில் விற்கிற பல பிடிகளைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

மறைந்த செலவு கறள்தான். ஓர் இரவு நனைந்தபடி கிடந்தால் காலையில் செம்மஞ்சளாக நிற்கும். ஒவ்வொரு நாளும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். மீன் படுகிற அலகு என்பதால் தேங்காயெண்ணெய் போதும். பட்டறைக்குப் பட்டறை பதம் வேறுபடுவது இன்னொரு சிக்கல். பதம் கூடினால் வாய் உதிரும், குறைந்தால் வளையும். உறையும் பொதுவாகக் கொடுப்பதில்லை. உறை இல்லாத கத்தி இடுப்புக்கு உரியதல்ல. மீன் வெட்டுகிற பலகைக்கு உரியது.

## கறள் பிடிக்காத உறைக்கத்தி

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சுவீடனின் மோரா கம்பானியன். அலகு ஏறத்தாழ 10 சென்டிமீற்றர், பருமன் 2.5 மில்லிமீற்றர். பிடியில் றப்பர். விரல் வாய்ப்பக்கம் வழுக்காமல் சின்னத் தடுப்பு. உறை பிளாஸ்டிக். வெளிநாட்டில் 20 டொலருக்கு அண்மையான விலை. இதே அமைப்பில் வேறு நிறுவனங்களின் கத்திகளும் உண்டு. மோரா என்ற பெயரைவிட அமைப்புத்தான் முக்கியம்.

ஒரு கை அளவுகோலில் இதற்குக் கிட்ட எதுவும் வராது. உருவினால் கத்தி, செருகினால் உறை. மூட்டு இல்லை, பூட்டு இல்லை, உப்புத் தங்க இடுக்கு இல்லை. படகு கரைக்கு வந்ததும் உறைக்குள்ளும் அலகிலும் நல்ல தண்ணீர் ஊற்றி உலர விட்டால் போதும். உறையின் அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லாத உறையில் தண்ணீர் தேங்கி, எவ்வளவு நல்ல அலகிலும் புள்ளி புள்ளியாகக் கறள் விழும்.

இதன் குறைகள் இரண்டு. முனை கூராக இருக்கும். வாங்கியதும் சாணைக்காரரிடம் கொடுத்து முனையை வட்டமாக்கிவிடுங்கள், அதிக நேரம் பிடிக்காது. மற்றது, இதில் குறடு இல்லை. தொண்டைக்குள் போன தூண்டிலைக் கழற்ற, கம்பி வெட்ட, ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியிருக்கிற சின்ன வேலைகளைச் செய்ய இது உதவாது. கத்தி முனையால் திருகாணி கழற்றுகிற பழக்கம் இருந்தால் இந்த மெல்லிய அலகு சீக்கிரம் நுனி முறியும்.

உப்புத் தண்ணீரை முற்றிலும் தாங்கும் அலகு வேண்டும் என்பவர்களுக்கு எச்-1, எல்சி200என் என்ற உருக்குகளில் செய்த கத்திகள் இருக்கின்றன. கரிமத்தின் இடத்தைப் பெருமளவு நைதரசனுக்குக் கொடுத்த உருக்குகள் இவை. கடலில் கிடந்தாலும் கறள் ஏறுவது மிக அரிது. சுழியோடிகளுக்கு, கடலட்டை எடுக்க இறங்குகிறவர்களுக்கு இதில் காசு போடுவது நியாயம். மேலே நின்று தொழில் செய்கிறவருக்கு, நூறு டொலர் கொடுத்து வாங்கிய கத்தியைத் தொலைக்கிற பயமே மிஞ்சும்.

## மடக்குக் கத்தி

நாம் வில்லுக்கத்தி என்பது. பையில் அடங்கும், ஊருக்குள் யாருடைய கண்ணையும் உறுத்தாது, பாரமில்லை. சுவிஸ் கத்தி இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது. கார்ல் எல்ஸனர் தொடங்கிய பட்டறையிலிருந்து 1891இல் சுவிஸ் படைக்குக் கத்தி போகத் தொடங்கியது. இன்றைக்கு நாம் காணும் வடிவத்தின் மூதாதை 1897இல் வந்த அதிகாரிகள் கத்தி. தகர டின் திறக்க, திருகாணி முறுக்க, பழம் வெட்ட அருமையான கருவி. ஆனால் வழக்கமான சின்னச் சுவிஸ் கத்தியின் அலகுக்குப் பூட்டு இல்லை. கயிற்றில் அழுத்தி அறுக்கும்போது அலகு விரல்மேல் மடங்கலாம். திறப்பதற்கும் இரண்டு கை வேண்டும்.

பெருவிரலால் தள்ளித் திறக்கிற, பூட்டுள்ள மடக்குக் கத்திகள் இதைவிட மேல். அவற்றிலும் மூட்டுக் கறள், பூட்டுக்குள் அடையும் செதிலும் மணலும் என்று தொல்லை வரும். மீன் செதில் ஒன்று பூட்டின் நாக்குக்கடியில் போய் உட்கார்ந்தால் பூட்டு விழுந்தது போலத் தெரியும். உண்மையில் பாதிதான் விழுந்திருக்கும். மரப்பிடி வைத்த பிரெஞ்சு ஒப்பினல் கத்தியை விரும்பிக் கேட்கிறார்கள். வீட்டுக்கு அழகான கத்திதான். கடலில் மரம் தண்ணீர் குடித்து ஊதி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திறப்பதற்கு இரண்டு கையும் வேண்டும்.

மடக்குக் கத்தி பொருந்துவது கப்பலில் வேலை செய்கிறவருக்கு. சில கப்பல்களில் உறைக்கத்தி வைத்திருக்க விடமாட்டார்கள், அல்லது அவர்களே பாதுகாப்பு வெட்டி கொடுப்பார்கள். போவதற்கு முன் முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

## மல்டிடூல்

ஆசை கூடுதலாக இருப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1983இல் தன் முதல் கருவியை விற்கத் தொடங்கினார். குறடும் கத்தியும் திருப்புளியும் ஒரே மடிப்புக்குள். இன்றைக்கு அதிகம் பேர் கேட்கும் வேவ் பிளஸ் என்பதில் 18 கருவிகள். நிறை 241 கிராம். கைப்பிடியை விரிக்காமலே வெளிப்பக்கத்தில் இருக்கிற அலகைப் பெருவிரலால் திறக்கலாம். பல் வைத்த இரண்டாவது அலகு முனை மழுங்கியது. கயிறு வெட்டத் தோதானது. கம்பி வெட்டும் தாடை தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சுவிஸ் கத்தி செய்கிற விக்டோரினொக்ஸின் சுவிஸ்டூலில் முனை அசைவு குறைவு, வேலைப்பாடு இன்னும் நேர்த்தி. ஆனால் வழக்கமான மாதிரியில் அலகை நகத்தால்தான் திறக்க வேண்டும், கனமும் கூட.

குறடுதான் இதன் உயிர். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்: தூண்டில் கையில் ஏறிவிட்டது, முள்ளுப் பக்கம் தோலுக்குள். வந்த வழியே இழுத்தால் சதை கிழியும். ஆழமில்லாத இடம் என்றால், முனையை முன்னோக்கித் தள்ளி வெளியே எடுத்து, முள்ளை வெட்டிவிட்டுத் தண்டைப் பின்னால் உருவுவார்கள். அந்த முள்ளை வெட்டக் குறட்டின் வெட்டும் தாடை வேண்டும். கத்தியால் முடியாது. (கண்ணுக்குக் கிட்டவோ மூட்டுக்குள்ளோ ஏறியிருந்தால் தொடாமல் கட்டுப்போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.) எஞ்சின் வயர் கழன்றால், கிளிப் தளர்ந்தால், எரிபொருள்க் குழாயின் வளையம் நழுவினால், கையில் எடுப்பதும் இதைத்தான்.

இனி மறைந்த செலவுகள். மூட்டுகளை எண்ணிப் பாருங்கள்: இரண்டு கைப்பிடி, தாடை, ஒவ்வொரு சின்னக் கருவிக்கும் ஓர் அச்சு, அதற்கு ஒரு வில், ஒரு பூட்டு. கடலில் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தால் இத்தனைக்குள்ளும் உப்புப் போகும். பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் விரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விட வேண்டும். இங்கே தேங்காயெண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வேலையை ஒவ்வொரு தடவையும் செய்கிறவர் கையில் மல்டிடூல் பல வருடம் ஓடும். செய்யாதவர் கையில் ஒரு வாடைக்காலம் முடிவதற்குள் குறடு இறுகிவிடும்.

உத்தரவாதம் பற்றியும் சொல்ல வேண்டும். லெதர்மன் 25 வருடம் என்கிறது. நல்லதுதான். ஆனால் திருகோணமலையிலிருந்து கருவியை அனுப்பி, பழுது பார்த்து, திரும்ப வரவழைக்கிற தபால் செலவும் காத்திருப்பும் அந்த 25 வருடத்துக்குள் அடங்காது. வெளிநாட்டில் வாங்கி அனுப்புகிறவர் பற்றுச்சீட்டைத் தன்னிடமே வைத்திருந்தால், பழுதான கருவியை லீவில் வந்து அங்கே திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம். போலிகளும் ஏராளம். பெயர் பொறித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தாடையை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள்: நுனி இரண்டும் சரியாகச் சேர்ந்து, நடுவில் தள்ளாடாமல் நிற்க வேண்டும். சின்னக் கருவி ஒன்றைத் திறக்கும்போது பக்கத்தில் இருக்கிற நாலும் சேர்ந்து எழும்பி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## படைக் கத்தி

படம் பார்த்துக் கேட்கிற இளைஞர்களுக்காக இது. கே-பார் என்ற பெரிய கத்தியை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 1942இல் ஏற்றுக்கொண்டது. அலகு ஏழு அங்குலம். கரிமம் கூடிய உருக்கு. இரண்டாம் உலகப் போருக்கும் பசிபிக் தீவுக் காடுகளுக்கும் அது சரியான கருவி. இன்றைக்குப் படையில் சேர்ந்து வெளிநாட்டுக்கு அமைதிப்படையில் போகிற ஒருவர் நாளாந்தம் செய்கிற வேலை என்ன? பொதி அறுப்பது, கம்பி முறுக்குவது, வாகனத்தில் ஏதோ ஒரு திருகாணியை இறுக்குவது, கூடாரக் கயிறு வெட்டுவது. இவ்வளவுக்கும் மல்டிடூலும் சின்னக் கத்தியும் போதும். ஏழு அங்குல அலகு பையில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் கேட்டுக்கொண்டு, மேலதிகாரியின் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு கிடக்கும். படை என்ன கொடுக்கிறது, சொந்தமாக எதை வைத்திருக்க விடுகிறது என்று பயிற்சி முடிவில் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது. தூசியும் மணலும் உள்ள இடத்துக்குப் போகிறவர் மூட்டுகளுக்கு எண்ணெயைக் குறைவாக விட வேண்டும். கூடினால் மணல் அப்பும்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஒரு கை | உப்புத் தாங்குதல் | கயிறு | தீட்டுதல் | தொலைந்தால் | இருக்குமிடம் |
|---|---|---|---|---|---|---|
| பட்டறைக் கத்தி | உறை இருந்தால் | மோசம் | நன்று | மிக எளிது | கவலையில்லை | மீன் பலகை |
| உறைக்கத்தி | மிக நன்று | நன்று | நன்று | எளிது | தாங்கலாம் | இடுப்பு |
| மடக்குக் கத்தி | மாதிரியைப் பொறுத்தது | மூட்டில் பலவீனம் | பூட்டு இருந்தால் நன்று | எளிது | மாதிரியைப் பொறுத்தது | கப்பல், ஊர்ப் பை |
| மல்டிடூல் | அலகு மட்டும், சில மாதிரியில் | மூட்டில் பலவீனம் | நன்று | பல் வைத்த அலகுக்குக் கூம்பு வடிவத் தீட்டுக்கோல் வேண்டும் | பெரிய இழப்பு | பெட்டி |
| படைக் கத்தி | நன்று | மோசம் | நன்று | எளிது | பெரிய இழப்பு | தேவையில்லை |

## யாருக்கு எது

கரையோரத்தில் விடிய முன் போய் வெயில் ஏற வருகிற பைபர் படகுக்காரருக்கு உறைக்கத்தி ஒன்றும், கடைவீதியில் வாங்கிய சாதாரணக் குறடும் திருப்புளியும் ஒரு மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில். மல்டிடூலின் காசில் இந்த மூன்றையும் வாங்கி, மீதியில் உயிர்காப்பு அங்கியும் பார்க்கலாம். இதை நான் அழுத்தியே சொல்வேன்: தனித்தனியான குறடு மல்டிடூலின் குறட்டைவிடப் பலமானது, கறள் பிடித்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

பலநாள் படகுக்கு ஒவ்வொரு ஆளின் இடுப்பிலும் ஓர் உறைக்கத்தி. படகுக்குப் பொதுவாக ஒரு நல்ல மல்டிடூல், எஞ்சின் அறையில், எண்ணெய்த் துணியில் சுற்றி. படகு முதலாளிகளான சம்மாட்டிமார் இதைத் தங்கள் செலவில் செய்ய வேண்டும். கரையிலிருந்து நாட்கணக்கில் தள்ளி நிற்கிற ஆளிடம் கத்தி இருக்கிறதா என்பது அவனுடைய சொந்த விருப்பமாக இருக்கக் கூடாது.

கப்பலுக்குப் போகும் தம்பிக்கு, அனுமதி இருந்தால், மல்டிடூலே முதல். அங்கே தினமும் குளிக்கவும் கழுவவும் நல்ல தண்ணீர் உண்டு. கருவியைக் கவனிக்க நேரமும் உண்டு. தளத்தில் வேலை செய்கிறவர் என்றால் கூடவே முனை மழுங்கிய மடக்குக் கத்தி. துறைமுகத்தில் இழுபட்டு முறுகி நிற்கிற பெரிய கட்டுக்கயிற்றை எந்தக் கத்தியாலும் தன்பாட்டில் அறுக்கப் போகக் கூடாது. அறுந்து திரும்புகிற கயிறு ஆளைக் கொல்லும்.

## கட்டுவதும் கொண்டுபோவதும்

கத்தியை நூலால் உடம்போடு கட்டுவது நல்லது, ஆனால் மணிக்கட்டிலோ கழுத்திலோ வளையமாகப் போட வேண்டாம். வலை இழுக்கிற வின்சில் அந்த வளையம் மாட்டினால் கையும் சேர்ந்து போகும். இடுப்புப் பட்டியில், பாரம் விழுந்தால் அறுந்துவிடக்கூடிய மெல்லிய நூலால் கட்டுங்கள். உறை இருப்பது இடது இடுப்பிலா வலதிலா என்பதைவிட, இரண்டு கையாலும் எட்டுகிற இடமா என்று பாருங்கள்; சிக்கிக்கொள்ளப் போவது எந்தக் கை என்று முன்கூட்டியே தெரியாது.

கரைக்கு வந்ததும் கத்தி படகுப் பெட்டிக்குள் போக வேண்டும். இடுப்பில் உறைக்கத்தியோடு பஸ்ஸில் ஏறி நகரத்துக்குள் வந்தால் பொலிசுக்கு விளக்கம் சொல்ல நேரும். விமானத்தில் போகிறவர் கத்தியையும் மல்டிடூலையும் ஒப்படைக்கிற பெரிய பையில் வைக்க வேண்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், அண்ணன் வாங்கிக் கொடுத்ததா என்று கேட்க மாட்டார்கள். கப்பலில் ஏறப் போகிறவருக்கு இது இரண்டு மடங்கு கவனம்: இடையில் விமானம் மாறும் இடத்தில் பையை எடுத்து மறுபடி ஒப்படைக்க நேர்ந்தால், கருவி கைப்பைக்குள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.